பழைய பாட்டு போட்டதும் பேச்சு வருவது ஏன்? வீட்டில் அதைச் செய்து பார்ப்பது எப்படி?

2020 நவம்பரில் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மா, ஸ்பெயினில் வாழ்ந்தவர், அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர், ஒரு காலத்தில் பாலே ஆடியவர். காதில் ஹெட்போன் மாட்டி சைக்காவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' இசையைப் போட்டதும் அவர் கைகள் மெல்ல எழுந்து, மணிக்கட்டு வளைந்து, தலை நிமிர்ந்து, உட்கார்ந்தபடியே ஆடத் தொடங்குகின்றன. பார்த்தவர்கள் அழுதார்கள். இசை மறதி நோயைக் குணமாக்குகிறது என்று எழுதிப் பகிர்ந்தார்கள். கொஞ்ச நாளில் வேறொரு தகவல் வந்தது: வீடியோவில் இடையிடையே வரும் இளம் நடனக்காரி அந்த அம்மா இல்லை, வேறொரு கலைஞரின் பழைய காட்சியை ஒட்டியிருக்கிறார்கள். உடனே இன்னொரு கூட்டம் எல்லாமே பொய் என்றது.

இரண்டுமே சரியில்லை. ஒட்டுவேலை நடந்தது உண்மை. அந்தக் கைகள் எழுந்ததும் உண்மை. நோய் குணமாகவில்லை என்பதும் உண்மை. இந்த மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்துவிட்டால், நம் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் ஒரு ஃபோனையும் நாலு பாட்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

ஏக்கத்துக்கு ஒரு மருத்துவ மாணவர் பெயர் வைத்தார்

ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா' என்கிறார்களே, அதற்குத் தமிழில் ஒரே சொல்லாக எதுவும் சரியாகப் பொருந்தாது. பழைய நினைப்பு, ஊர் நினைப்பு, ஏக்கம் என்று இடத்துக்கு ஏற்ப சொல்கிறோம். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், 1688-ல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். வீடு திரும்புதல், வலி என்று பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். அவர் அதை ஒரு நோய் என்றே எழுதினார். ஊரை விட்டு அந்நிய நாட்டில் கூலிப்படையில் சேர்ந்த சுவிஸ் சிப்பாய்கள் சாப்பிடாமல், தூங்காமல் வாடுவதற்கு அந்தப் பெயர் பிறகு நிலைத்துப்போனது.

இதில் பாட்டு முதலிலேயே வந்துவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் மாடுகளைக் கூப்பிடப் பாடும் ஒரு மெட்டு உண்டு. அதைக் கேட்டால் சிப்பாய்கள் அழுது, படையை விட்டே ஓடிவிடுகிறார்கள் என்பதால் அதை இசைக்கத் தடை போட்டிருந்தார்களாம். 1768-ல் ரூசோ என்ற தத்துவ அறிஞர் தன் இசை அகராதியில் இதைச் சொல்லிவிட்டு ஒரு முக்கியமான விஷயத்தையும் சொல்கிறார்: அந்த மெட்டில் தனியாக ஒரு சக்தியும் கிடையாது, வேற்றூர்க்காரனுக்கு அது ஒன்றுமே செய்யாது, கேட்பவனின் பழைய வாழ்க்கையை அது ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் சொன்னது. இன்று மூளை ஸ்கேன் வைத்துச் சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான்.

முதியவர்கள் பழங்கதை பேசுவதைப் புத்தி தளர்வதன் அடையாளமாகவே மருத்துவ உலகம் வெகுகாலம் பார்த்தது. 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இல்லை, வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது வயதானவர்களுக்கு இயல்பான, தேவையான வேலை என்று எழுதினார். முதியோரோடு பழைய படம், பாட்டு, பொருள் எல்லாம் வைத்துப் பேசும் முறைகள் வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மூளையில் பாட்டு எங்கே இருக்கிறது

நினைவு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது ஒரே பெட்டி இல்லை. இங்கே தேவைப்படுவது மூன்று வகை.

1. சம்பவ நினைவு. நேற்று காலை என்ன சாப்பிட்டோம், மகள் எப்போது வந்துவிட்டுப் போனாள். அல்சைமர் முதலில் கைவைப்பது இதில்தான், அதிலும் புதிய சம்பவங்களில்.

2. பழக்க நினைவு. சைக்கிள் ஓட்டுவது, பூக் கட்டுவது, கோலம் போடுவது. சொல்லில் விளக்க முடியாது, கை செய்துவிடும். இது நோயில் ரொம்ப நாள் தாங்கும். அந்த நடன அம்மாவின் கைகள் எழுந்தது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

3. வாழ்க்கை நினைவு. நான் யார், என் வீடு எது, என் மனிதர்கள் யார் என்று நம்மை நாமாக வைத்திருக்கும் கதைத்தொகுப்பு.

ஒரு பாட்டு இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. வரிகள் சொல்லாக இருக்கின்றன, தாளம் உடம்பில் இருக்கிறது, கேட்ட இடமும் ஆளும் வாழ்க்கைக் கதையில் இருக்கிறார்கள். ஒரு வாசல் அடைத்துக்கொண்டாலும் இன்னொன்று வழியாக நுழைய இடம் இருக்கிறது. புகைப்படமும் நினைவைத் தூண்டும், ஆனால் புகைப்படத்தோடு சேர்ந்து கால் தாளம் போடாது.

கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு அவர்கள் சின்ன வயதில் வந்த பாட்டுகளைப் போட்டு மூளையை ஸ்கேன் செய்தார். சொந்த நினைவைக் கிளறிய பாட்டு வரும்போது நெற்றிக்குப் பின்னால் நடுவில் இருக்கும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. அல்சைமரில் அந்தப் பகுதி மற்ற இடங்களைவிடத் தாமதமாகத்தான் சிதையும். 2015-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள், நெடுநாள் பழகிய பாட்டை அடையாளம் காணும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளைக் கண்டுபிடித்து, அவை அல்சைமர் நோயாளிகளுக்கு எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவையும் ஒப்பீட்டளவில் தப்பித்திருந்தன. இரண்டு ஆய்வும் வேறு வேறு பகுதிகளைப் பற்றிப் பேசுகின்றன, அதனால் 'பாட்டுக்கென்று மூளையில் அழியாத ஒரு மூலை' என்று எழுதுவது மிகைப்படுத்தல்.

அப்புறம் இன்னொரு விஷயம், வேகம். 2010-ல் கரோல் கிரம்ஹான்சல் என்ற உளவியலாளர் பிரபலமான பாட்டுகளிலிருந்து 0.4 விநாடி மட்டும் வெட்டிக் கேட்கவைத்தார். அதிலேயே நாலில் ஒரு பங்குக்கு மேல் பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் மெட்டு ஓடவே முடியாது. அடையாளம் காண்பது குரலின் நிறத்தையும் வாத்தியச் சத்தத்தையும் அந்தப் பதிவின் தன்மையையும் வைத்துத்தான். அதனால்தான் ரீமிக்ஸ், புதுக்குரலில் பாடியது, இதெல்லாம் இந்த வேலைக்கு உதவாது என்கிறேன். அந்தப் பழைய பதிவேதான் வேண்டும், கரகரப்போடு இருந்தாலும் சரி.

எந்தப் பாட்டு? ஒரு சின்னக் கணக்கு

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்றால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக வரும். வரைபடமாகப் போட்டால் அந்த இடம் மேடாக நிற்கும், அதனால் நினைவு மேடு என்று சொல்லலாம். பாட்டு விஷயத்தில் பதின்பருவம் இன்னும் அழுத்தமாக இருக்கும்.

ஆகவே, பிறந்த வருடத்தோடு 10-ஐயும் 30-ஐயும் கூட்டுங்கள். 1950-ல் பிறந்தவருக்கு 1960 முதல் 1980 வரை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணைந்து இசையமைத்த காலம் அவருடைய 15 வயது வரை, 1976-ல் இளையராஜா வரும்போது அவருக்கு 26. 1965-ல் பிறந்தவருக்கு அது அப்படியே மாறி, இளையராஜாதான் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கல்யாணமும். 'பழைய பாட்டு' என்று பொத்தாம்பொதுவாக ஒரு தொகுப்பைப் போட்டுவிட்டு, அப்பா ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அது தாத்தாவின் பாட்டாக இருந்திருக்கும்.

வருடத்தைவிட முக்கியம், எதில் கேட்டார் என்பது. 1952-ல் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. 1957-ல் விவித் பாரதி தொடங்கும்வரை அந்த வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. அதற்கு அப்புறமும் தமிழ்நாட்டின் தென்பகுதியில் ஏராளமான வீடுகளில் முள் இலங்கையில்தான் நின்றது. அந்தத் தலைமுறைக்கு அலை ஏறி இறங்கும் சத்தமே பாட்டின் பாதி. அடுத்து வந்தவர்களுக்குக் கல்யாண வீட்டு மைக் செட், டூரிங் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிவிக்கப் போடும் பக்திப் பாட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷன் ஒளியும் ஒலியும். அதற்கும் அப்புறம் கேசட். ரெக்கார்டிங் சென்டரில் வெற்றுக் கேசட்டையும், தாளில் வரிசையாக எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தார்களே, சொந்த ப்ளேலிஸ்ட் என்பது நம் ஊரில் அப்போதே வந்துவிட்டது. அந்தக் கேசட் அட்டை யாரிடமாவது இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

சினிமாவோடு நின்றுவிடவும் கூடாது. தாலாட்டு, நடவுப் பாட்டு, மார்கழித் திருப்பாவை, ஞாயிறு ஆராதனையில் பாடிய கீர்த்தனை, நாகூர் ஹனீபா, பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு, காலையில் வானொலி நிலையம் திறக்கும்போது வரும் அந்த வயலின் தொடக்க இசை (அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன், ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவை விட்டு இந்தியாவுக்கு வந்தவர்). சிலருக்குப் பாட்டைவிட இந்த மாதிரி ஒலிகள்தான் சட்டென்று வேலை செய்யும்.

அப்படியானால் குணமாகுமா

ஆகாது. பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் தெளிவு போய்விடும், நோய் தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் 2010-ல் டான் கோஹன் என்ற சமூகப் பணியாளர் 'மியூசிக் அண்ட் மெமரி' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார்: முதியோர் இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாட்டுப் பட்டியல், ஐபாட், ஹெட்போன். ஸ்காட்லாந்தில் 2013-ல் சாலி மேக்னுசன் என்ற ஒளிபரப்பாளர், மறதி நோயில் தாயை இழந்த பிறகு, 'ப்ளேலிஸ்ட் ஃபார் லைஃப்' தொடங்கினார். இரண்டும் நல்ல வேலை. ஆனால் மியூசிக் அண்ட் மெமரி முறையை 54 இல்லங்களில் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வில், ஊழியர்களைக் கேட்டு அளந்தபோது பதற்றமான நடத்தை குறிப்பிடும்படி குறையவில்லை. இசை சார்ந்த சிகிச்சை ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீடும், மனச்சோர்வு அறிகுறி ஓரளவு குறைகிறது, பதற்றத்தில் பெரிதாக வித்தியாசம் இல்லை என்கிற பக்கம்தான் நிற்கிறது.

இதைக் கேட்டு மனம் விட வேண்டியதில்லை. ஆய்வு அளந்தது நடத்தையை. ஒரு மகன் ஒரு மாதத்துக்கு அப்புறம் அப்பா வாயால் தன் பெயரைக் கேட்பதை எந்தப் படிவத்திலும் டிக் செய்ய முடியாது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) இருப்பதாக 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது, அவர்களில் பெரும்பாலோர் இருப்பது இல்லங்களில் இல்லை, வீட்டில். வீட்டில் இருப்பவர்களுக்குத் தேவை மருந்துக்குப் பதில் ஒன்று இல்லை. மருந்தோடு சேர்த்து, சேர்ந்து உட்கார ஒரு காரணம்.

மறதி நோய் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கிரம்ஹான்சல் 2013-ல் இன்னொரு ஆய்வு செய்தார். இருபது வயதுக்காரர்கள் தங்கள் காலப் பாட்டுக்கு உருகுவது தெரிந்ததே, ஆனால் அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலப் பாட்டுக்கும் அதே மாதிரி ஒரு மேடு வந்தது. அம்மா சமையலறையில் ரேடியோ போட்டது பிள்ளைக்குள்ளும் போயிருக்கிறது. ஆக ஒரே பாட்டில் இரண்டு தலைமுறைக்கும் கதை இருக்கிறது, பேரன் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியதில்லை, அவனும் சொல்லலாம்.

கருவி: எது உதவும், எது கெடுக்கும்

1. விளம்பரம். யூடியூபில் பாட்டின் நடுவே திடீரென்று உரக்க ஒரு ஆள் பேசினால் நமக்கு எரிச்சல், அவ்வளவுதான். நினைவு குழம்பியவருக்கு அது வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்ட மாதிரி. விளம்பரம் இல்லாத சந்தா, அல்லது ஃபோனிலோ பென் டிரைவிலோ இறக்கி வைத்த பாட்டு, இரண்டில் ஒன்று அவசியம்.

2. தானாக அடுத்த பாட்டுக்குப் போவதை நிறுத்தி வையுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் வரும் அமைதியில்தான் பேச்சு வரும். மூன்றாவது பாட்டு ஓடும்போது முதல் பாட்டின் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே முக்கியமானது இதுதான்.

3. குமிழ் இருக்கும் பெட்டி. 2017-ல் சரிகம நிறுவனம் காரவான் என்று பழைய ரேடியோ மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளேயே 5000 இந்திப் பாட்டு, பிறகு தமிழிலும் வந்தது. தொடுதிரை பிடிபடாத விரலுக்குக் குமிழ் பிடிபடும், ஏனென்றால் குமிழ் திருப்புவது பழக்க நினைவில் இருக்கிறது. குறை ஒன்று: அந்த நிறுவனத்தின் உரிமையில் உள்ள பாட்டுகளே அதில் இருக்கும், உங்கள் அம்மாவின் பாட்டு இல்லாமல் போகலாம். பென் டிரைவ் போடும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அது தீரும்.

4. ஹெட்போனா, ஸ்பீக்கரா? ஹெட்போன் வெளிச்சத்தத்தை அடைத்துப் பாட்டை நெருக்கமாகக் கொடுக்கும், ஆனால் அவரைத் தனியாக்கிவிடும். சேர்ந்து கேட்பதென்றால் ஸ்பீக்கர், மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு. ஒரே ஃபோனில் இரண்டு ஹெட்போன் மாட்டும் இணைப்பு வயரும் கிடைக்கிறது.

5. காது. வயதானால் முதலில் குறைவது மெல்லிய, கீச்சு ஒலிகள்தான். சத்தத்தைக் கூட்டுவதைவிட, முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, காதுக்கருவியின் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாட்டு முடிந்த அந்த அரை நிமிடம்

"இது எந்தப் படம், யார் பாடினது, ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. தெரியவில்லை என்றால் அவருக்கு அவமானம், அடுத்த தடவை பாட்டு என்றாலே ஒதுங்குவார். விடை தவறாகப் போக முடியாத கேள்வி வேண்டும்: "இதை எங்கே கேட்டீங்க?", "அப்போ வீட்டில் யார் யார் இருந்தாங்க?", "ரேடியோ எந்தப் பக்கம் இருக்கும்?" அதுவும் வராவிட்டால் கேள்வியே வேண்டாம், கூடவே முணுமுணுத்தால் போதும். வருடமோ ஊரோ தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். வரலாறு எழுதவில்லை நாம்.

சிலர் அழுவார்கள். அழுகை எல்லாம் கெடுதல் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பல நேரம் அதற்கு அப்புறம்தான் கதையே வரும். ஆனால் முகம் இறுகுவது, எழுந்து போகப் பார்ப்பது, மூச்சு வாங்குவது, இதெல்லாம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சாவு வீட்டில் கேட்ட பாட்டாக இருக்கலாம். போரில் இடம்பெயர்ந்த ஈழத்துக் குடும்பங்களில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஓடிய இரவும் ஒரு பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழ் முதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். மறதி நோயில் பலருக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவும், முதல் மொழி தங்கும். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர் தமிழ் மட்டும் பேசத் தொடங்குவார், பராமரிப்பவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே பாட்டுப் பட்டியலோடு ஒரு தாளும் வேண்டும்: எந்தப் பாட்டு காலையில், எது குளிப்பாட்டும்போது, எதைப் போட்டால் அமைதியாவார், எதைப் போடவே கூடாது, அந்த ஊர் மொழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

பதிவு செய்வதும் பகிர்வதும்

கதை வர ஆரம்பித்தால் ஃபோனில் பதிவு செய்யலாம், கேட்டுவிட்டு. பாட்டை நிறுத்திய பின் பதிவு செய்யுங்கள். பின்னணியில் பாட்டு ஓடினால் குரல் தெளிவாக விழாது, இணையத்தில் ஏற்றினால் பதிப்புரிமைச் சோதனையில் ஒலியே முடக்கப்படலாம். வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைத்தால் ஃபோன் மாறும்போது போய்விடும், தேதியும் விஷயமும் பெயராக வைத்துத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பொதுவில் வீடியோ போடுவது வேறு விஷயம். தன் நிலை தனக்கே புரியாதவர் முகத்தை உலகம் பார்க்க, அவர் தெளிவாக இருந்த காலத்தில் சம்மதித்திருப்பாரா என்று குடும்பம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். குடும்பக் குழுவில் குரலாக மட்டும் பகிர்ந்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, பரணில் கிடக்கும் கேசட்டுகள். வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டாதீர்கள், மற்ற கேசட்டுக்கும் ஒட்டும், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை முதலில் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாகாது. ஒரு முறை முழுக்க முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு ப்ளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் (ஒலியை உள்ளே வாங்கும்) துளைக்கு ஒரு வயர். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். வேகமாக நகலெடுக்க முடியாது, 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம்தான். வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக ஏறக்குறைய 600 எம்பி வரும், அதை மூலமாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு 60 எம்பி அளவில் ஒரு எம்பி3.

எதை முதலில் எடுப்பது என்றால், பாட்டுக் கேசட்டை எடுக்காதீர்கள். அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் இணையத்தில் இருக்கின்றன. வளைகுடாவில் வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், காதுகுத்து வீட்டில் யாரோ ரெக்கார்டரை ஆன் செய்து வைத்தது, பாட்டு முடிந்து மீதி இருந்த இரண்டாம் பக்கத்தில் பிள்ளைகள் மாறி மாறிப் பெயர் சொல்லி விளையாடியது. அவற்றுக்கு உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் இருக்கிறது, காந்தத்துகள் உதிர்ந்துகொண்டிருக்கிறது.